தனபாலபுரக் காலம்

"நிலவியல் கணக்கில் பார்த்தால், கனம் கோர்ட்டார் அவர்களே, இதெல்லாம் ஒரு கண்ணிமைக்கும் நேரம்தான்" என்று சாட்சிக் கூண்டில் நின்று சொன்னவர் என்னுடைய துறைக்காரர். பெரிய படிப்பு படித்தவர். ஏரியில் கலந்த ஈயம் வண்டலோடு வண்டலாகப் புதைந்துபோகும், ஏரி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், பூமியின் வயதோடு ஒப்பிட்டால் இது தற்காலிகமான பாதிப்பு என்று நிதானமாக விளக்கினார். கம்பெனி வாங்கிக்கொடுத்த கோட்டு அவருக்குத் தோளில் தொளதொளவென்று இருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

வழக்கு தள்ளுபடியானது. வெளியே டீக்கடையில் பிரசிடெண்ட் மாமா கிளாசைக் கையில் வைத்தபடி குடிக்காமல் நின்றார். பெயர் சொக்கலிங்கம். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரே ஒரு முறைதான் தலைவராக இருந்தார், ஆனால் அந்தப் பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊர்க்காரர்கள் சார்பில் வழக்குப் போட்டவர் அவர்தான். அவருடைய பிள்ளைகள் அருளன், செந்தூரன் இருவரும் ஒரே வருடத்தில் போனார்கள்.

"அந்த ஆளு சொன்ன கண்ணிமைக்கிற நேரம்னா எவ்வளவு, அஞ்சுகம்?" என்று கேட்டார்.

எங்கள் துறையில் வார்த்தைகளுக்கு வேறு அளவு என்று சொன்னேன். நாங்கள் 'இப்போது' என்றால் பத்தாயிரம் வருடத்துக்கு மேல். 'சற்று முன்பு' என்றால் யானைகளுக்கு உடம்பெல்லாம் ரோமம் இருந்த சமயம். 'திடீரென்று' என்றால் லட்சம் வருடம்கூட ஆகியிருக்கலாம். மாமா எல்லாவற்றையும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப எம் பசங்க பொறக்கவே இல்லைன்னு சொல்லு" என்றார்.

அன்றைக்கு முடிவு செய்தேன். எந்தக் காலக் கணக்கைக் காட்டி எங்களைத் தூசு என்று ஊதிவிட்டார்களோ, அதே கணக்கில் அவர்களைப் பிடித்து வைப்பேன். எப்படி என்று அப்போது தெரியாது. ஆத்திரம் இருந்தது, வயது இருந்தது, அதுவே போதும் என்று நினைத்தேன்.

முள்ளிக்கரை என்று ஒரு ஊர் இருந்தது. ஏரிக்கரை ஊர். தனபாலன் அங்கே வந்தபோது மேளதாளத்தோடுதான் வரவேற்றார்கள். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி எடுக்கிற ஆலை வைத்தார். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை, தீபாவளிக்கு வேட்டி சேலை. கொஞ்ச வருடங்களில் பிள்ளைகளுக்கு வயிற்று வலி வந்தது. பிறகு நடக்கும்போது தடுமாறினார்கள். படித்ததை மறந்தார்கள், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மறந்தார்கள். என் தம்பி கதிரேசன் ஏழாவது வயதில் அம்மாவின் மடியில் வலிப்பு வந்து இறந்தான். கடைசி ஒரு மாதம் அவனுக்கு நான் யார் என்றே தெரியவில்லை. அதை நான் யாருக்கும் மன்னிக்கப்போவதில்லை.

பிள்ளைகள் சாகச் சாக தனபாலன் கட்டிக்கொண்டே போனார். பள்ளிக்கூடம் கட்டினார், பஸ் நிலையம் கட்டினார், ஊர் எல்லையில் வளைவு கட்டினார். எல்லாவற்றிலும் அவர் பெயர். பிறகு ஒருநாள் ஆறாம் நம்பர் பஸ்ஸின் நெற்றியில் 'தனபாலபுரம்' என்று எழுதியிருந்தது. அரசாணை வந்துவிட்டதாம். தங்கள் ஊருக்குப் போகிற பஸ் அதுதானா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு ஏறினார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். ஆலையைப் பெரிதாக்க ஏரிக்கரை வீடுகளை இடித்து, ஓடும் சுவரும் மண்ணுமாக ஏரிக்குள்ளேயே தள்ளினார்கள். ஏரியும் பத்திரத்தில் அவர் பெயருக்குப் போனது.

இனி குக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் சரியான பெயர் நீளமானது, யாரும் சொல்வதில்லை. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அது குக்கர்தான். குழாயில் எடுத்த சேற்றை உள்ளே வைத்தால், அழுத்தம், வெப்பம், பிறகு காலத்தை ஏமாற்றுகிற ஒரு மின்புலம் எல்லாம் சேர்ந்து, பூமி ஒரு கோடி வருடத்தில் செய்கிற வேலையைச் சில வாரங்களில் செய்துவிடும். சேறாகப் போனது கல்லாக வரும். நம்முடைய இந்தக் காலம் நாளை பாறையாகும்போது எப்படி இருக்கும் என்று இன்றே உடைத்துப் பார்த்துவிடலாம்.

பார்த்தவர்களுக்குப் பெருமை எல்லாம் இறங்கிவிட்டது. பெரிய பெரிய நகரங்களின் ஆற்றுச் சேற்றை வைத்துப் பார்த்தார்கள். மேம்பாலம், கோபுரம், கண்ணாடிக் கட்டடம் எல்லாம் சேர்ந்து பென்சில் கோடு அளவுக்கு ஒரு அழுக்கு. பிளாஸ்டிக் எண்ணெய்க் கறையாகிவிட்டது. மனிதன் வந்து போனதற்கு அழியாத சாட்சி உள்ள ஒரே ஒரு இடத்தை உலகத்தில் கண்டுபிடித்து, அதை வைத்து நம் காலத்துக்குப் பெயர் சூட்டுவது என்று உலக நிலவியல் பேரவை தீர்மானித்தது. பல நாடுகளிலிருந்து சேறு வந்தது. நானும் முள்ளி ஏரியின் பழைய வண்டல் ஒரு குழாய் வைத்திருந்தேன். மாணவியாக இருந்தபோது எடுத்தது. அதைக் குக்கரில் வைத்தேன்.

கல் வந்தது. அதை அறுத்துப் பார்த்தவள் என்னோடு வேலை செய்யும் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி. மைபோல் கறுத்த பட்டை ஒன்று, விரல் தடிமனுக்கு, நேராக ஓடியது. அது ஈயம். எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தக் கறுப்புக்குள் அரிசிக் குறுணை மாதிரி வெள்ளை வெள்ளையாக ஏதோ இருந்தது. அவள் அதை உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏ, இது பல்லுளா. எல்லாம் சின்னப் பிள்ளைங்க பல்லு. ஏரிக்குள்ள எதுக்கு இம்புட்டுப் பால் பல்லு கிடக்கு?"

அவள் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் பால் பல் விழுந்தால் அதைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிவார்கள். அப்படி எறிந்தால்தான் புதுப் பல் நன்றாக முளைக்கும். ஒவ்வொரு வீட்டு ஓட்டின் மேலும் இரண்டு மூன்று தலைமுறைப் பற்கள் கிடந்திருக்கும். அந்த வீடுகளைத்தான் இடித்து ஏரியில் தள்ளினார்கள். மனித உடம்பில் பல்லின் மேற்பூச்சு மாதிரி எதுவும் தாக்குப்பிடிக்காது. ஒரு கோடி வருடம் அமுக்கிய பிறகும் அவை பல்லாகவே இருந்தன.

ஒவ்வொரு பல்லும் எந்த வருடத்தது என்று கணக்கிட்டு ஜெசிந்தா அவற்றைச் சோதித்தாள். ஆலை வருவதற்கு முந்தைய பற்களில் ஈயம் இல்லை. பிந்தையவற்றில் இருந்தது, வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனது. கோர்ட்டில் கம்பெனி இல்லவே இல்லை என்று சாதித்த ஆதாரம், பிள்ளைகளின் வாயிலிருந்தே விழுந்து கல்லுக்குள் உட்கார்ந்திருந்தது. மறுபடி வழக்குப் போடலாமே என்று ஜெசிந்தா சொன்னாள். தனபாலனுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, மேல்முறையீடு முடிவதற்குள் நிம்மதியாகச் செத்துப்போவார் என்றேன். எனக்கு வேறு ஒன்று தோன்றிவிட்டது.

பெயர் வைப்பதில் எங்கள் துறைக்கு இரண்டு வழக்கம் உண்டு. ஆள் பெயர் வைக்கக் கூடாது. எந்த இடத்தில் அந்தப் பாறை நன்றாகத் தெரிகிறதோ அந்த மலை அல்லது ஊரின் பெயரைத்தான் வைக்க வேண்டும். இரண்டாவது, வைத்த பெயரை எடுக்கக் கூடாது. அந்த ஊருக்கு வேறு பெயர் வந்தாலும், அந்த நாடே இல்லாமல் போனாலும், முதலில் சூட்டியது சூட்டியதுதான். ஊருக்கு இரண்டு பெயர் வழங்கினால் எதை எடுப்பது என்பது கண்டுபிடித்தவரின் விருப்பம்.

பேரவை எங்கள் ஏரியைப் பரிசீலிக்கிறது என்று பேப்பரில் வந்ததும் மாமா என்னைத் தேடி வந்தார். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு தெளிச்சியைப் பார்த்தேன். யாரோ விவரமானவர்கள் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கியிருந்தார்கள்.

"முள்ளிக்கரைன்னு வச்சிடு அஞ்சுகம். பஸ்ஸுல இல்ல, ரேஷன் கார்டுல இல்ல, பத்திரத்துல இல்ல. கல்லுலயாவது நம்ம ஊரு பேரு இருந்துட்டுப் போகட்டும்."

"விஷத்துக்கு நம்ம ஊர் பேரை வைக்கச் சொல்றீங்களா மாமா? அவன் பண்ணினதை நாம சுமக்கணுமா?"

"பேரே இல்லாம மண்ணாப் போறதுக்கு அது மேல்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். தனபாலன் ஆசைப்பட்டுத்தானே ஊருக்குத் தன் பெயரை வைத்துக்கொண்டார், அந்தப் பெயராலேயே அவரைக் கட்டிப் போடப்போகிறேன், இந்த உலகத்தில் எவனும் எவனையும் இவ்வளவு நீளமாகப் பழிவாங்கியதில்லை என்றேன். மாமாவுக்கு வேண்டியது ஊர், எனக்கு வேண்டியது அந்த ஆள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு என் போனை அவர் எடுக்கவே இல்லை.

பேரவையின் முறைப்படி ஏரியில் புதிதாகத் துளை போட வேண்டும். ஏரி தனபாலனுடையது. அவர் வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்தார்கள். எதிர்பார்த்ததுபோல் அவர் அரக்கனாக இல்லை. மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, யாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுகிறார். அது என் வெறுப்பைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

துளை போட எதற்கு என்று கேட்டார். பூமியின் வரலாற்றில் நம் காலத்துக்கு ஒரு பெயர் வைக்கப்போகிறார்கள், அது உங்கள் ஊரின் பெயராக இருக்க வாய்ப்பு இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஜுராசிக் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்றேன். டைனோசர்தானே என்றார்.

"ஜூரான்றது ஒரு மலை சார். அந்த மலையை யாருக்கும் தெரியாது. அந்தப் பேரைத் தெரியாத குழந்தை கிடையாது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கிலாந்தில் டெவன் என்று ஒரு வட்டாரம், அதனால் ஒரு காலத்துக்கு டெவோனியன் என்று பெயர் வந்தது என்றும் சொன்னேன். பெர்மைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பெர்ம் ரஷ்யாவில் ஒரு நல்ல ஊர். இன்று எங்கள் துறையில் பெர்மியன் என்றால் யாருக்கும் ஊர் ஞாபகம் வராது. கடலிலும் நிலத்திலும் உயிர்கள் கூண்டோடு செத்ததுதான் ஞாபகம் வரும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

"வளைவுல போட்ட பேரை அடுத்த ஆட்சிக்காரன் பேத்துடுவான், மேடம். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிச்சா போச்சு. இது எத்தனை நாளு நிக்கும்?"

"மனுஷங்க எல்லாரும் போன பிறகும் நிக்கும் சார்."

அவர் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கலங்கியது. அனுமதி கையெழுத்தானது. அதோடு நிற்காமல் டெல்லி வரை ஆள் விட்டு, போட்டியில் இருந்த மற்ற நாடுகளுக்கு எதிராக எங்கள் ஏரிக்காக அவரே வேலை செய்தார். நான் பத்து ஜென்மம் எடுத்தாலும் என்னால் நடக்கிற காரியம் இல்லை அது. விண்ணப்பத்தில் ஊர்ப் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார், மீதியைப் படிக்கவில்லை. பேரவையில் முள்ளி ஏரி ஜெயித்தது. காலத்தின் தொடக்க எல்லையில் தங்க முளை ஒன்றை அடிப்பது வழக்கம். அந்தத் தங்கத்தையும் அவரே கொடுத்தார்.

விழா ஏரிக்கரையில் நடந்தது. பந்தல், பொன்னாடை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம். பேரவைத் தலைவி ஒரு போர்ச்சுகல் அம்மாள், வரையறையை வாசித்தார். மேடையில் இன்னொருவர் வரிக்கு வரி தமிழில் சொன்னார். காலத்தின் பெயர்: தனபாலபுரக் காலம். கைதட்டல். தொடக்க எல்லை: ஈயம் செறிந்த கரும்பட்டையின் அடிமட்டம். ஈயத்தின் மூலம்: கரையில் உள்ள உருக்காலை. கைதட்டல் குறைந்தது. இந்தக் காலத்தை அடையாளம் காட்டும் புதைபடிவம்: ஈய நஞ்சு ஏறிய மனிதக் குழந்தைகளின் பால் பற்கள்.

தனபாலன் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த கலெக்டர் குனிந்து காதில் ஏதோ சொன்ன பிறகுதான் நிறுத்தினார். பொன்னாடை மடியில் விழுந்ததை எடுக்கவும் தோன்றாமல் கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் ஒளியவில்லை. நன்றாகத் தெரியும்படி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிட இனிப்பான நாள் ஒன்று இல்லை.

அந்தப் பெயர் எங்களைவிட வேகமாகப் பரவியது. பாடப் புத்தகங்களில் ஏறியது. எங்கோ தென் அமெரிக்காவில் ஒரு ஊரில் பிள்ளைகளுக்கு ஈயம் ஏறியபோது, 'எங்கள் ஊரைத் தனபாலபுரம் ஆக்காதே' என்று தட்டி எழுதி ஊர்வலம் போனார்கள். டாக்டர்கள் அதை ஒரு நோயின் பெயர்போலப் பேச ஆரம்பித்தார்கள். தனபாலனின் மகன்கள் முதலில் கம்பெனியின் பெயரை மாற்றினார்கள். பிறகு தங்கள் பெயருக்கு முன்னால் இருந்த அப்பாவின் எழுத்தை எடுத்தார்கள். பேரப்பிள்ளைகளை வெளிநாட்டுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அந்தப் பாடம் இருந்தது. அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று ஜெசிந்தா ஒருநாள் கேட்டாள். என் தம்பி என்ன பாவம் செய்தான் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

ஆலை மூடப்பட்டது. தனபாலன் கடைசியாக ஒரு வேலை செய்தார். கெஞ்சியோ செலவழித்தோ, எப்படியோ ஊர்ப் பெயரை மாற்றி அரசாணை வாங்கிவிட்டார். பஸ்ஸில் மறுபடி 'முள்ளிக்கரை' வந்தது. அந்த ஆணையின் நகலோடு என் ஆய்வகத்துக்கு வந்து நின்றார்.

"திருப்பிக் குடுத்துட்டேம்மா. ஊருக்கு இப்ப பழைய பேருதான். கல்லுக்கும் அதையே வச்சிடுங்க."

அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக எங்கள் துறையின் இரண்டாவது வழக்கத்தை விளக்கினேன். முதலில் வைத்த பெயரே நிற்கும். ஊர் மாறலாம். ஊரே இல்லாமல் போகலாம். மன்னிப்பு கேட்கலாம், நான் மன்னிக்கவும் செய்யலாம், அதனால் எதுவும் ஆகாது. பேரவையே கூடி நினைத்தாலும் முடியாது என்றேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் ருசித்து ருசித்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலத்தில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அதன் பிறகுதான் மாமா வந்தார். இத்தனை வருடம் பேசாத மனிதர். நரை முற்றிக் கண் பூத்துப்போயிருந்தது. முள்ளிக்கரை பஸ்ஸில் ஏறி வந்ததைச் சொல்லும்போது சிரித்தார். போர்டை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் ஏறினாராம். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. ஊரும் வந்தது, பழியும் தீர்ந்தது. மாமா அதை ஒப்புக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

அவர் வேறொன்று கேட்க வந்திருந்தார்.

"ஒரே ஒரு பல்லு குடு அஞ்சுகம். பெரியவனுதா சின்னவனுதான்னு தெரிய வேணாம். ரெண்டு பேருல யாருதாச்சும் ஒண்ணு. நான் போறப்ப கூட வச்சு எரிக்கச் சொல்லணும்."

என்னிடம் இருந்தால் கொடுத்திருப்பேன். அவை உலகத்தின் மூலச் சான்று. கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள், சாவி இரண்டு நாடுகளில் இருக்கிறது, ஒரு குறுணையைக்கூட எடுக்க முடியாது. கண்டுபிடித்தவள் என்றாலும் எனக்கும் அதே விதிதான். பார்க்க மட்டும் பார்க்கலாம் என்று அவரை உள்ளே அழைத்துப் போனேன். அறுத்துத் தேய்த்த கல், கறுப்புப் பட்டை, அதற்குள் பிள்ளைகள். அவர் கண்ணாடியின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எங்கள் அப்பா வேலாயுதத்தின் மகன் கதிரேசனும் அதற்குள் எங்கோ இருந்தான்.

கீழே தகடு இருந்தது. தமிழிலும் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு நான்தான் வைக்கவைத்தேன். மாமா குனிந்து, விரலை ஓட்டி, எழுத்து எழுத்தாகப் படித்தார். 'தனபாலபுரக் காலத்துக் குழந்தைகள்' என்று இருந்தது.

"எங்க பிள்ளைங்களுக்கெல்லாம் அப்பன் பேருதான் இனிஷியலா இருந்துச்சு" என்றார். "சொ. அருளன், சொ. செந்தூரன். உந் தம்பி வே. கதிரேசன். அதையெல்லாம் அடிச்சிட்டு அத்தனைக்கும் அவன் பேரை வச்சிட்டியே அஞ்சுகம்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன்.

"இதை மாத்த முடியாதா?" என்று கேட்டார்.

ஊர் மாறலாம், ஊரே இல்லாமல் போகலாம் என்று தொடங்கினேன். தனபாலனுக்குச் சொன்ன அதே வாக்கியங்கள்தான் இருந்தன. வேறு எதுவும் என்னிடம் இல்லாததால் அவற்றையே கடைசி வரை அவருக்கும் சொல்லி முடித்தேன்.